தனசிங்கின் மீசையும் கோவளத்துக் கயிறும்

தனசிங் கயிற்றை மறந்துவிட்டார். வேனிலிருந்து சாம்பார் சாத வாளி இறங்கியது, பூப்பந்து மட்டைகள் இறங்கின, போதகர் ஐயாவின் மடக்கு நாற்காலிகூட இறங்கியது. கயிறு மட்டும் இரும்புலியூர் வீட்டில், கட்டிலுக்கடியில் சுகமாகப் படுத்திருந்தது.

எண்பத்தெட்டாம் வருடத்துக் குடியரசு தினம் அது. வருடாவருடம் இதே நாளில் இரும்புலியூர் சபையாரும் பல்லாவரம் சபையாரும் கோவளம் கடற்கரைக்குச் சேர்ந்து பிக்னிக் வருவார்கள், கயிறு இழுப்பார்கள், இரும்புலியூர் தோற்கும். பல்லாவரத்துக்குத் தலைவர் வில்பிரட், தனசிங்கின் மனைவி ஞானசௌந்தரிக்கு அண்ணன். அந்த மனுஷர் ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ்வரை கேலி பேசுவார். பொறுக்கமாட்டாமல்தான் தனசிங், "இந்தத் தடவை தோத்தா மீசையை எடுத்துடறேன்" என்று வாயை விட்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிற மீசை.

"கயிறு மறந்துபோச்சா, இல்ல மீசைமேல ஆசையா மச்சான்?" என்றார் வில்பிரட். இரண்டு வேன் ஜனமும் சிரித்தது.

தனசிங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படகுகளுக்கு அந்தப் பக்கம், நல்ல தடித்த கயிறு ஒன்று முளையில் கட்டிக் கிடந்தது. மறுநுனி எங்கே போகிறது என்று பார்க்கிற பொறுமையெல்லாம் அவருக்கு ஏது? அவிழ்த்தார், தன் ஆட்களோடு சேர்ந்து ஒரே இழுப்பு இழுத்தார். கயிறு கடலுக்குள்ளிருந்து விறைத்துக்கொண்டு எழும்பியது.

டீ கிளாஸும் கையுமாக ஓடிவந்தார் வலைக்காரர் குப்பன். "இன்னா சார், பேஜார் பண்றீங்க? அது வலைக்கயிறு! ஒரு பக்கம் மட்டும் இஸ்தா மீனு பூடும்." பிறகு அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஆளுங்க பாதிப் பேரு கல்யாணத்துக்குப் பூட்டானுங்கோ. அந்தாண்ட இன்னொரு கயிறு கீது. ரெண்டையும் இஸ்த்துக் குடுக்கிறீங்களா?"

வில்பிரட் கோஷ்டி அந்தக் கயிற்றைப் பிடித்தது. யார் பக்கம் முதலில் கரைசேருகிறதோ அவர்களுக்கே ஜெயம் என்று சொல்லி, போதகர் விசில் ஊதினார்.

அன்றைக்கென்று இரும்புலியூர் பக்கம் கயிறு மளமளவென்று வந்தது. பல்லாவரத்தார் திணறினார்கள். தனசிங் ஆயுளில் முதல் தடவையாக மச்சானை முந்திக்கொண்டிருந்தார்.

குப்பன் தலையில் கைவைத்தார். "வலை சாயுது சார்! இப்டியே இஸ்தா ஒரு மீனு தேறாது!"

தனசிங் கடலைப் பார்த்தார். மீசையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்துங்கப்பா" என்றார். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "மச்சான், மெதுவா வாங்க. நான் இருக்கேன்."

வில்பிரட் அசந்துபோனார். அதற்கப்புறம் போட்டி ஏது? குப்பன் "ஏலேலோ" என்றார், இரண்டு சபையும் "அல்லேலூயா" என்றது. சங்கராவும் நெத்திலியுமாக வலை கரையேறியது. குப்பன் கொடுத்த ஒரு கூடை மீனை, அவர் வீட்டு அடுப்பிலேயே ஞானசௌந்தரி சுடச்சுட வறுத்துப் போட்டாள். சாம்பார் சாதத்தைச் சீந்த ஆளில்லை.

வேன் கிளம்பும்போது போதகர் கேட்டார்: "அடுத்த வருஷம் கயிறு யார் பொறுப்பு?"

"தனசிங்கே இருக்கட்டும் ஐயா" என்றார் வில்பிரட். "அவரை மாதிரி யாருக்கு மறக்க வரும்?"

சொல்லிவிட்டு, மச்சானின் மீசையில் ஒட்டியிருந்த மீன்செதிலை மெல்லத் தட்டிவிட்டார்.