அக்கா புருஷன் காட்டிய லாபம்

ஃபாரெக்ஸ் செயலியில் குவிந்து கிடந்த லாபத்தை எடுக்கப்போன மெக்கானிக்கிடம், முதலில் வரியைக் கட்டு என்றது கம்பெனி. லாபத்திலேயே கழித்துக்கொள்ளாமல் இதென்ன தனி வரி? அவனுக்குப் பொறி தட்டியது. தன்னை அதில் சேர்த்துவிட்ட அக்கா புருஷனாவது தப்பிக்கட்டும் என்று, கிரீஸ் கையோடு அவர் கடைக்கு ஓடினான்.

“மாமா, அத்தனையும் டுபாக்கூர்! இனி ஒத்தப் பைசா போட்டுடாதீங்க!”

அந்த மகராசன் பதறவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“தெரியும் மாப்ள. என் தலையில எப்பவோ மிளகா அரைச்சுட்டானுங்க. ஒரு ஆளைச் சேர்த்துவிட்டா என் பணத்தை விடுறோம்னானுங்க.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா? சரி, விட்டானுங்களா?”

“எங்க? இப்போ ரெண்டு பேர் வேணுமாம்.” மாமா குரலைத் தாழ்த்தினார். “உன் தம்பி கையில ஏதாச்சும் இருக்கா?”