மறியலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்

விமானக் கம்பெனி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதற்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நாராயணசாமி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சந்திரம்மா நம்புவதாக இல்லை. மர்பி டவுனில் அவளோடு தண்ணீருக்கு நிற்கிற பெண்களும் நம்பவில்லை. முப்பது வருஷம் பேக்டரி யூனியனில் இணைச் செயலாளராக இருந்துவிட்டு ரிடையரான மனிதர் அவர். பெங்களூரில் எங்கே ஒரு கொடி ஏறினாலும் கம்பத்துக்குக் குழி தோண்டியது அவராகத்தான் இருக்கும் என்பது அந்தத் தெருவின் தீர்மானம்.

புருஷனைச் சந்தேகப்பட சந்திரம்மாவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் இருவரும் மைசூர் போவதாக இருந்தது. கிளம்புகிற அன்று காலையில் பேக்டரி வாசலில் கூட்டம் என்று ஆள் வந்து கூப்பிட்டான். போனவர் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். குழந்தைக்கு மொட்டை போட திருப்பதி போவதாக இருந்தது. அப்போது பஸ்காரர்கள் ஸ்ட்ரைக். பக்கத்து வீட்டார் பேசியிருந்த வேனில் போகலாமே என்று அவள் கேட்டாள். அது தொழிலாளிக்குச் செய்கிற துரோகம் என்று அவர் சொல்லிவிட்டார். ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்ட முடியைப் பக்கத்தில் அல்சூரிலேயே இறக்கினார்கள். கடல் பார்க்க மெட்ராஸ் போவதாக இருந்த வருஷம் பஸ்ஸும் ஓடியது, ரயிலும் ஓடியது. இவர்தான் ஓடவில்லை, உண்ணாவிரதப் பந்தலில் படுத்துக் கிடந்தார்.

ஒவ்வொரு தடவையும் சந்திரம்மா கட்டிய பெட்டியைப் பிரித்து, புடவைகளை மறுபடி பீரோவில் அடுக்கிவிட்டு, உலை வைக்கப் போய்விடுவாள். முகம் சுளிக்காதவள் என்று சொந்தக்காரர்கள் நடுவே அவளுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

இந்தத் தடவை விஷயம் வேறு. மகள் வீணா சிங்கப்பூரில் நர்ஸாக இருந்தாள். வா வா என்று வருஷக்கணக்கில் கூப்பிட்டு அலுத்தவள், இப்போது சொந்தமாக ஒரு வீடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்து, டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். அம்மா வந்து பற்ற வைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும், இல்லையென்றால் காலம் பூராவும் ஓட்டல் சோறுதான் என்று போனில் சொன்னாள். பேச்சின் முதல் பாதி சிரிப்பு, மறுபாதி அழுகை. சந்திரம்மாவின் காதில் நின்றது மறுபாதிதான்.

செவ்வாய்க்கிழமை விமானம் ரத்தானது. வியாழக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் ரத்து. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. டிக்கெட் பார்த்துக்கொண்ட அல்சூர் டிராவல் ஏஜென்ட் தேசிகன் மிகவும் மரியாதைக்காரர். எந்தக் கெட்ட செய்தியையும் காபி வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் சொல்வார். மூன்றாவது தடவை அவர் ஆபீஸில் காபி வந்தபோது சந்திரம்மா குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் நாராயணசாமி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே ஸ்ட்ரைக் செய்தி. பாதிப் பேரை வருஷக்கணக்காக கான்ட்ராக்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் அவருக்கு ரத்தம் சூடாகும். ‘பயணிகளுக்கு ஏற்படும் சிறு சிரமம்’ என்று வாய் தானாகவே ஆரம்பிக்கும். அதற்குள் சிறு சிரமம் எதிரே வந்து தட்டை வைக்கும். ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை, நேரிலேயே விசாரித்துவிட்டு வருகிறேன் என்று விமான நிலையத்துக்குக் கிளம்பினார். அப்போது விமான நிலையம் முருகேஷ்பாளையத்தை ஒட்டித்தான் இருந்தது, ஒரு பஸ்ஸில் போய்விடலாம். மத்தியானம் திரும்பி வந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் கரகரப்பைச் சந்திரம்மா முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறவள். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, கவுன்டரில் கூட்டம், கத்திப் பேச வேண்டியிருந்தது என்றார். சாப்பிட உட்கார்ந்ததும் தானாகவே உண்மையைக் கக்கிவிட்டார். விமான நிலைய வாசலில் மறியலுக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நியாயம் வேண்டும் என்பதைக் கன்னடத்தில், ‘பேக்கே பேக்கு, ந்யாய பேக்கு’ என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறார்கள், கேட்கச் சகிக்கவில்லை, எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு தடவை காட்டிக் கொடுத்தாராம்.

“கவுன்டர்ல இன்னா சொன்னாங்க?” என்றாள்.

கவுன்டருக்குப் போக மறந்துவிட்டது.

“அப்போ நம்ம பிளேன நீங்களே போய் நிறுத்திட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லி, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவருக்கு அது இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் தேசிகன் வீட்டுக்கே வந்தார். காபி கொடுக்க வழியில்லாத இடத்துக்கு அவர் வருகிறார் என்றால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று சந்திரம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கம்பெனி வேறொரு இடத்திலிருந்து விமானம் வாடகைக்கு எடுத்திருக்கிறது, ஊழியர் வேலையை அதிகாரிகளே பார்க்கப் போகிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் கிளம்பும், இரண்டு சீட் உறுதி என்றார். சந்திரம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நாராயணசாமி, அதிகாரிகளா என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்சியில் அவர் பேசவில்லை. டிரைவர் ஆளும் கட்சியைத் திட்டினார், எதிர்க்கட்சியைத் திட்டினார். அதற்கெல்லாம் சும்மா இருக்கிற ஆள் இல்லை நாராயணசாமி. சந்திரம்மா வழி பூராவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புறப்பாடு வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜமக்காளம் விரித்து ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தள்ளுவண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். பயணிகள் அதில் போய்க்கொண்டிருந்தார்கள். நாராயணசாமி பெட்டிகள் ஏற்றிய வண்டியை அந்த வழி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, ஜமக்காளத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டார்.

“இது மறியல், சந்திரா.”

“தெரியுது.”

“உள்ள ஆபீசருங்க இவங்க வேலைய செய்யறாங்க. அதுல நான் ஏறினா, இத்தினி வருஷம் நான் பேசினதெல்லாம் பொய்யாப் போயிடும்.”

அதற்குள் கிளாரன்ஸ் என்ற பையன் ஓடி வந்தான். அங்கே அவன்தான் செயலாளர். முந்தின நாள் கோஷம் கற்றுக்கொண்டதிலிருந்து அவனுக்கு இவர் தலைவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, பேப்பர்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நீங்கள் தாராளமாகப் போங்கள் தலைவரே என்றான். நாராயணசாமியின் முகம் சுருங்கிவிட்டது.

“தடுக்கணும்பா. யாரையும் தடுக்காம இன்னா மறியல் இது?”

கிளாரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு சந்திரம்மாவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “அப்போ உங்கள மட்டும் தடுத்துடட்டா, தலைவரே?” என்றான்.

நாராயணசாமி அதை நிஜமாகவே யோசிக்கிற மாதிரி இருந்தது. சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அன்றைக்கு மைசூர் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருப்பதி வேனில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் குடும்பம் மெட்ராஸ் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தது. நீ போகாதே என்று இந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் நின்றார், கூடவே இவளும் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். பழக்கத்தில் முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது, ஆனால் அங்கே அது நிற்கவில்லை, தன் பக்கமும் திரும்பியது.

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

“என் பாஸ்போர்ட்ட குடுங்க.”

“நீ மட்டுமா?”

“நீங்க பேசினது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா அது உங்க விரதம். கூடவே நானும் பட்டினி கெடந்தது போதும்.”

உள்ளே ஃபாரம் எழுத வேண்டும், இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்றார். பல பாஷை புழங்குகிற கன்டோன்மென்டில் பிறந்தவளுக்கு நாலு பாஷை தெரியும், மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். முதலில் தன்னுடையதை நீட்டி, அப்புறம் மாற்றிக் கொடுத்தார். வண்டியிலிருந்து தன் பெட்டியை இறக்கிக்கொண்டு, ஊறுகாய் பாட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று, அதைக் கட்டியவளிடமே சொன்னார். சந்திரம்மா தலையாட்டிக்கொண்டாள். அதற்கு மேல் நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்து வண்டியைத் தள்ளினாள்.

வண்டிச் சக்கரம் ஜமக்காளத்தில் மாட்டி நின்றுவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் நிற்கும்போது, பின்னாலிருந்து அந்தக் கட்டிய தொண்டை எழும்பியது.

“வழி விடுங்கப்பா. எங்க வீட்டம்மா போறாங்க. பொண்ணு வீட்டுக்குப் போறாங்க.”

கோஷம் நின்றது. எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள். கிளாரன்ஸ் குனிந்து ஜமக்காளத்தை இழுத்துவிட்டான்.

வாசல் போலீஸ்காரர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, தனியாகவா போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், தனியாகத்தான் என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். உள்ளே போனதும் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். நாராயணசாமி ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ டீ நீட்டினார்கள், அவர் வாங்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கி வருகிற பாலை அவரும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. இப்படி ஒரு வீம்பு பிடித்த மனிதரோடு வாழ்ந்ததில் பெருமையாகவும் இருந்தது. திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கால்கூட ஒரு எட்டு நகர்ந்தது.

பின்னால் நின்றவர் நகரும்மா என்றார். சந்திரம்மா அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கி எக்ஸ்ரே மெஷின் மேல் வைத்தாள்.