ஆட்சேபம் இல்லை

காஞ்சன்பாக்கிலிருந்து மல்காஜ்கிரி ரயில்வே காலனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். உப்பலில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது ராஜி தான் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பேச அதிகம் இல்லை. காரியம் முன்பே முடிந்துவிட்டது. வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் வருவார், நாலு கேள்வி கேட்பார், எழுதிக்கொண்டு போய்விடுவார். மூத்தவளாகத் தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவள் தம்பி ஜெயச்சந்திரன் செத்து மூன்று மாதம் ஆகிறது. நாற்பத்தேழு வயது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வேலையில் இருக்கும்போது செத்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. யாருக்கு என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, மற்றவர்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஜெயச்சந்திரனின் மனைவி அன்னக்கிளிக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மூத்தவன் கிரி. சின்னவள் தாரிணி.

வேலை கிரிக்கு என்று ராஜி தீர்மானித்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்தன்று, கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அன்னக்கிளியைச் சமையலறைக்குள் அழைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, ஆபீசுக்குக் கொடுக்கணும், கீழே கையெழுத்துப் போடு என்றாள். அழுது வீங்கிய கண்ணோடு அன்னக்கிளி போட்டாள். ராஜி கேட்டால் ஏன் என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்று மாலையே அந்தத் தாளில் ஆங்கிலத்தில் விண்ணப்பத்தை எழுதி, கிரியின் பெயரைப் போட்டு, ரயில்வே ஆபீசில் சேர்க்கச் சொல்லி அவன் கையிலேயே கொடுத்தாள். பெயரை இன்ஸ்பெக்டர் நேரில் வந்துதான் கேட்பார் என்று அன்னக்கிளி நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க விட்டவளும் ராஜிதான்.

இதில் தப்பு என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெண் நாளைக்குக் கல்யாணமாகிப் போவாள், வேலையும் அவளோடு போய்விடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கதவைத் திறந்த அன்னக்கிளி வாங்க என்று சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டாள், அவ்வளவுதான். கூடத்தில் கிரி வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து உட்கார்ந்திருந்தான். தாரிணி ஜன்னலோரம் மடியில் ஒரு ஃபைலோடு இருந்தாள். வாரிசுச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் மூன்று மாதமாக அலைந்தவள் அவள்தான். கிரிக்கு அந்தச் சான்றிதழ் தரும் ஆபீஸ் எந்த மாடியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ராஜிக்கு அது தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி அவள் யோசிக்காமல் இருந்தாள்.

அன்னக்கிளி நின்றுகொண்டே சொன்னாள்: "தாரிணி பேரத்தான் குடுக்கப் போறேன் அண்ணி. இப்பவே சொல்லிட்டேன்."

"நிதானமா யோசி கிளி."

"யோசிச்சாச்சு. எனக்கும் சேத்து நீங்க யோசிச்ச காலம் போதும்."

பதில் சொல்லாமல் இருப்பது ராஜியின் பழைய ஆயுதம். எதிராளி கத்திக் கத்தித் தன்னைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள். கடைசியில் எல்லோரும் ராஜியைத்தான் பார்ப்பார்கள். இன்றும் முகத்தை அதே மாதிரி சாந்தமாக வைத்துக்கொண்டாள். கிரி செல்போனைப் பார்த்துக்கொண்டே, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முணுமுணுத்தான். உனக்கு இருந்தால் அல்லவா பிசகுவதற்கு என்றாள் தாரிணி, தெலுங்கில்.

இன்ஸ்பெக்டர் அப்துல் ரஹீம் பதினொன்றரைக்கு வந்தார். இருபது வருஷமாகத் தமிழ்க் குடும்பங்களோடு பழகியவர், தமிழும் உருதுவும் கலந்து பேசுவார். தண்ணீர் குடித்துவிட்டுப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். அன்னக்கிளியிடம் காட்டி, உங்க கையெழுத்துதானா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அதில் எழுதியிருப்பதை அவர் தமிழில் சொன்னார். என் கணவருடைய வேலையை என் மகன் கிரிக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்னக்கிளி கை நீட்டித் தாளை வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தைத் தெரியும். பள்ளிக்கூட மனு, காஸ் கனெக்‌ஷன் மனு, ஜெயச்சந்திரனின் லீவு லெட்டர் எல்லாமே அந்த எழுத்தில்தான் இந்த வீட்டை விட்டுப் போயிருக்கின்றன.

"இது அண்ணி எழுத்து," என்றாள். குரல் உயரவில்லை. "காரியத்தன்னிக்கு வெத்துத் தாள்ல வாங்கினீங்க. அவருக்குப் படைச்ச எலயில சோறு வெச்சிட்டு நான் உள்ள வந்து போட்டேன்."

ராஜி இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினாள். குடும்பத்தில் கலந்து பேசி எடுத்த முடிவுதான், துக்கத்தில் அவளுக்கு மறந்திருக்கும் என்றாள். தன் குரலின் நயம் அவளுக்கே கேட்டது. பொய் இவ்வளவு வழவழப்பாக வரும் என்று இதுவரை அவள் கவனித்ததில்லை.

ரஹீம் தாரிணியின் பக்கம் திரும்பி, மகளே என்று உருதுவில் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணனுக்குக் குடுத்தா உனக்கு ஆட்சேபம் இருக்கா பேட்டி?"

"ஹவ் சார்," என்று அவருடைய உருதுவிலேயே ஆமாம் சொன்னாள் தாரிணி. "இருக்கு."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. பஸ் டிக்கெட் கேட்பவள் மாதிரிச் சொன்னாள்.

ராஜியின் காதுமடல் சூடேறியது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே காலனியில், நாலு வரிசை தள்ளி ஒரு கூடத்தில், இதே கேள்வியை வேறொரு இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார். ரயில்வே வேலையில் இருக்கும்போதே அப்பா ராமசாமி செத்த மாதம். அவளுக்கு இருபத்திரண்டு வயது, டைப்ரைட்டிங் இரண்டு தாளும் பாஸ். ஜெயச்சந்திரன் இன்டரில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், ஃபெயில். தம்பிக்குக் கொடுத்தால் உனக்கு ஆட்சேபமா என்று கேட்டார். சுவரோரம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை சார் என்றாள் ராஜி, சிரித்துக்கொண்டே. அந்த ஆள் அவளைச் சமஜ்தார் என்று புகழ்ந்தார். புத்தியுள்ள பெண் என்று அது காலனி முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு கல்யாணச் சண்டைக்கும் வீட்டுச் சண்டைக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். எல்லாரிடமும் அவள் ஒன்றையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னாள்: விட்டுக்கொடு. கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலை போன இடத்தில் வந்து உட்கார்ந்த அந்தப் பெயரை அவள் விவேகம் என்று நம்பினாள். இருபத்தெட்டு வருஷமும் அதைத் தின்றுதான் பிழைத்தாள்.

இதோ, இந்தப் பெண் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கு என்கிறது. இவ்வளவு சுலபமா அது.

ரஹீம் பேனாவை மூடினார். மகள் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அம்மா சொல்கிற ஆளுக்குத்தான் வேலை என்றார். அம்மாவின் கையெழுத்து ஒன்று சொல்லி, வாய் வேறொன்று சொன்னால் தகராறு என்றுதான் அவர் எழுத வேண்டும். அப்படிப்பட்ட ஃபைல்கள் வருஷக்கணக்கில் அசையாது. ஒரு வழி இருக்கிறது. தாளை நிரப்பியவர் எப்படி நிரப்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், இதை ரத்து செய்துவிட்டு இப்போதே புது வாக்குமூலம் வாங்கிக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது அவர் ராஜியைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அவளை அறைந்தது போலிருந்தது.

"எழுதாதீங்க அத்தை," என்றான் கிரி. "ஃபைல் நின்னா நிக்கட்டும். அம்மா தானா வழிக்கு வருவாங்க."

"நிக்கட்டும்," என்றாள் அன்னக்கிளி. "நாங்க தெருவுல நிக்கறோம். அண்ணி வந்து புத்தி சொல்லிட்டுப் போவாங்க. உங்க தம்பி இருந்தவரைக்கும் நான் வாயைத் தொறந்தா, உனக்கு இன்னா தெரியும், அக்காவைக் கேளுன்னார். அவரே போயிட்டாரு. இன்னும் எதுக்கு அண்ணி என் வீட்டுல உங்க வாய்?"

ராஜிக்குள் எதுவோ அறுந்தது. "என் வாயா? அன்னிக்கு நான் விட்டுக்குடுக்கலன்னா அவனுக்கு ஏது வேலை? உனக்கு ஏது இந்த வீடு? நீங்க தின்ன ஒவ்வொரு வேளைச் சோறும் நான் போட்ட பிச்சை."

அவள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கிரிகூடச் செல்போனை இறக்கினான்.

"கைக்கு அத்தை? ஏன்?" என்றாள் தாரிணி, உருது கலந்து. "எதுக்கு விட்டுக்குடுத்தீங்க? உங்கள யாரு கேட்டாங்க?"

கேட்டார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, மேஜை போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று ராஜியைக் கேட்டார்கள். அப்போது அவள் பொய் சொன்னாள். அதைத் தியாகம் என்று தம்பி நம்பினான், அம்மா நம்பினாள், அவளும் நம்பினாள். உண்மையில் அது சுவரோரம் நின்ற அம்மாவின் முகத்துக்குப் பயந்து சொன்னது.

இப்போதும் வாய் திறக்காமல் எழுந்து போகலாம். ஃபைல் நிற்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, பசி தாங்காமல் அன்னக்கிளி மகனுக்கே எழுதிக் கொடுப்பாள். தாரிணியும் ஆட்சேபம் இல்லை என்பாள். ஊர் அவளைப் புத்தியுள்ள பெண் என்று சொல்லும். ராஜி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. அந்த நிமிஷத்தில் தாரிணியை வெறுத்த அளவு அவள் யாரையும் வெறுத்ததில்லை. ஆனால் தன்னைப் போலவே இன்னொருத்தி, வீடு வீடாகப் போய் விட்டுக்கொடுக்கச் சொல்லிக்கொண்டு, முகத்தில் இந்தச் சாந்தத்தை ஒட்டிக்கொண்டு திரிவாள் என்று நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

"பேப்பர் குடுங்க," என்றாள்.

கிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நீங்களும் இப்படித்தானா என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டாமலே வெளியே போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

ராஜி ஆங்கிலத்தில் எழுதினாள். தம்பி மனைவியிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினேன். என்ன எழுதப்போகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. பெயரை நிரப்பியவள் நான். எழுத்து எப்போதும்போல் அழகாக வலப்பக்கம் சாய்ந்தது.

காரணமும் ஒரு வரி போட வேண்டும் என்றார் ரஹீம். குடும்ப நலனை முன்னிட்டு என்று பேனா தானாக எழுதியது. அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடித்துவிட்டு, அந்தப் பெண் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினாள்.

ரஹீம் படித்துவிட்டுச் சங்கடப்பட்டார். "நக்கோ அம்மா, இவ்ளோ வேணாம். தவறுதலான்னு போட்டாப் போதும்."

"இருக்கட்டும்."

தாரிணி ஃபைலை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து தாளை வாங்கி, ஒவ்வொரு வரியையும் தமிழில் அம்மாவுக்குச் சொன்னாள். கடைசி வரியையும் சொன்னாள், குரலை மாற்றாமல். அன்னக்கிளி தலையசைத்தாள். மகள் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். சரியாக விழவில்லையோ என்று இன்னொன்றும் எடுத்தாள். அத்தையின் பக்கம் இருவரும் பார்க்கவே இல்லை.

"அடிச்சிருக்கீங்க இல்ல," என்றார் ரஹீம், தாளைத் திருப்பி வைத்து. "அந்த இடத்துலயும் ஒரு கையெழுத்து வேணும்மா."

அன்னக்கிளி குனிந்து, மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து தாளின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணி எடுத்துக் கிழித்துவிடுவாளோ என்ற பயம் அந்த விரலில் தெரிந்தது. ராஜி அவளை நகரச் சொல்லவில்லை. அடித்த வரியின் பக்கத்தில், அந்த விரலில் பேனா படாமல், தன் பெயரை எழுதினாள்.