தடை அறிந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரத்தில் கோயில் உபதேசியார் செல்லப்பன் கல்யாண ஓலை வாசித்தார்.

"முதல் ஓலை. இந்தப் பங்கைச் சேர்ந்த டேனியல், காசம்மாள் ஆகியோரின் மகன் ஆன்டோவுக்கும், இதே பங்கைச் சேர்ந்த சவரிநாதன், லூசி ஆகியோரின் மகள் மரிய செலினுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

மரிய செலின் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஊரில் இன்னொரு மரிய செலின் இல்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். லூசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்தாள்.

அந்தக் கையை உடைத்தவன் ஆன்டோ.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு சீனியர். வில்லியனூர் பஸ்ஸில் தொடங்கிய பழக்கம். போதும், இத்தோடு விட்டுவிடலாம் என்று செலின் சொன்ன அன்று, நூலகத்துக்குப் பின்னால் வைத்து அவள் போனைப் பிடுங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். கையை விட்டுவிட்டு, "நீதான் இழுத்த" என்றான்.

ஹாஸ்டல் அறைத்தோழி தனக்கொடிதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். செலின் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே எழுதினார். பிறகு பல்கலைக்கழகத்தின் உள்புகார்க் குழுவுக்கு ஒரு மனு. செலின் சொல்லச் சொல்லத் தனக்கொடி எழுதினாள். செலின் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். விசாரணை முடியும்வரை ஆன்டோ அவளை நெருங்கக் கூடாது, பேசக் கூடாது என்று குழு உத்தரவு போட்டது. விசாரணை திங்கட்கிழமை, அதாவது நாளை.

ஊரில் மட்டும் செலின் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தாள். அம்மா அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடி செலினு, கமுக்கமா இருந்துட்டியே!"

"கட்டு பிரிக்கிறதுக்குள்ள கல்யாணமா? மோதிரத்த எந்தக் கையில போடுவான் உன் ஆளு?"

சிரிப்பு. செலின் விலகி நடந்தாள். அப்பா சவரிநாதன் வண்டியருகே நின்றிருந்தார்.

"இன்னாப்பா இது?"

"சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிட்டா கல்யாணம் கிடையாது. அதுக்குள்ள மூணு ஓலையும் முடியணும்."

"நான் அதக் கேக்கல."

"நாளைக்கிப் போயி சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வா. கட்டிக்கப்போறவன் மேல எவளாவது கம்ப்ளைன்ட் குடுப்பாளா? அவன் படிப்பு கெட்டா நஷ்டம் உனக்குத்தான்."

"எனக்கு இன்னா நஷ்டம்?"

சவரிநாதன் வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

செலின் மணிக்கூண்டுக்குப் பின்னால் போய்த் தனக்கொடியைக் கூப்பிட்டாள். தனக்கொடி மண்ணாடிப்பட்டில், தன் வீட்டில் இருந்தாள்.

"ஓலைன்னா இன்னாடி? எங்க வூட்ல முருகன் கோயில், ஒரு பந்தல், முடிஞ்சிது."

"மூணு ஞாயித்துக்கெழம பேரு வாசிப்பாங்க. தடை இருந்தா வந்து சொல்லணும்."

"யாரு சொல்லணும்?"

"தெரிஞ்சவங்க."

"உனக்குத் தெரியாதா?"

தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். செலினுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்கிற வரி அது. அந்த வரி வந்தால் பூசை முடிந்தது என்று அர்த்தம். தூங்கும் பிள்ளைகளை எழுப்புவார்கள், குடையைத் தேடுவார்கள். யாரும் போய்த் தடை சொல்லி அவள் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்ணே போய்ச் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான்.

"அடியே, மைக் வெச்சிக் கேக்குறாங்க. நம்ம யுனிவர்சிட்டியில கூட இவ்ளோ சத்தமாக் கேக்கல. போயி சொல்லுடி."

பங்குத்தந்தை லியோ பிரகாஷ் புதிதாக வந்தவர். செலின் அவர் வீட்டுக்குப் போனபோது, அடுத்த கிராமத்துப் பூசைக்கு நேரமாகிவிட்டதால் நின்றுகொண்டே இட்லி தின்றுகொண்டிருந்தார். செல்லப்பன் உண்டியல் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், ஒரு தடை சொல்லணும்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

அவர் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவினார். நாற்காலியைக் காட்டினார். செலின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தனக்குச் சம்மதம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. கையை உடைத்தது யார், புகார் எங்கே இருக்கிறது, நாளை என்ன நடக்கப் போகிறது. டாக்டரிடம் ஒரு முறை, குழுவிடம் ஒரு முறை சொல்லியிருந்ததால் மூன்றாவது முறை குரல் நடுங்கவில்லை.

லியோ பிரகாஷ் செல்லப்பனைப் பார்த்தார். "பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"சவரிநாதன் வந்து சொன்னாரு சாமி. நம்ம ஆளுதான. ரெண்டும் ஒரே பஸ்ல போறத ஊரே பாத்திருக்குது. பொண்ணு ஹாஸ்டல்ல இருக்குது, அப்புறமாக் கேட்டுக்கலாம்னு..."

"நானும் கேக்கல. கேக்காம வாசிக்க விட்டது என் தப்பு."

அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, அதற்குள் ஆன்டோவின் அப்பா டேனியல் வந்துவிட்டார். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பங்குப் பேரவையில் உறுப்பினர். பின்னால் சவரிநாதன்.

"சாமி, சின்னஞ்சிறுசுங்க சண்டை. இத்தப் போயி பெருசு பண்ணிக்கிட்டு. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்த கைய என் புள்ள தலையில கட்டுது இந்தப் பொண்ணு. நான் சொல்லல, அவங்கம்மாதான் ஊரு பூரா சொல்லிச்சு. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

"கூப்பிட வேணாம், வந்துட்டன்" என்று குரல் கேட்டது.

லூசி வாசலில் நின்றாள்.

"சொன்னன் டேனியலண்ணா. எல்லார்கிட்டயும் சொன்னன். பொய் சொன்னன்." சாமியாரைப் பார்த்தாள். "எனக்கும் தடை தெரியும் சாமி. ஆன்டோ ஒடச்ச கை அது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"லூசி!" என்றார் சவரிநாதன்.

"நீங்க சும்மா இருங்க. ஓலையில என் பேரையுந்தான வாசிச்சாங்க?"

டேனியல் போனை எடுத்து யாரையோ அழைத்தபடி படியிறங்கினார்.

"அடுத்த ஓலை கெடையாது" என்றார் லியோ பிரகாஷ். "நாளைக்கி நான் கூட வரணுமாம்மா?"

"வேணாம் ஃபாதர். அம்மா வருவாங்க."

இதை அவள் அம்மாவிடம் கேட்டிருக்கவில்லை. லூசி தலையசைத்தாள்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியது. குழுவின் தலைவர் பேராசிரியர் செல்வகுமாரி. ஆன்டோவைத் தனியாக விசாரித்து அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு வீட்டாரும் பேசி முடிச்சிட்டதா அவர் எழுதிக் குடுத்திருக்கார். கோயில்ல அறிவிப்பே வந்துடுச்சாம். உண்மையா?"

"வாசிச்சாங்க மேடம். நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்தினாங்க?"

"நான்தான்."

செல்வகுமாரி பேனாவை மூடிவைத்தார். "சமரசப் பேச்சு நீங்க கேட்டாத்தான் நடக்கும். வேற யாரு கேட்டாலும் நடக்காது. போலீசுக்குப் போறதும் உங்க இஷ்டம். இங்க விசாரணை நடக்குதுன்னு அந்த வழி அடைபடாது. போறதா இருந்தா கூட ஆள் அனுப்பறோம். மனசு சரியில்லன்னா பேசறதுக்கு கவுன்சிலர் இருக்காங்க. எது வேணும்னு இப்பவே சொல்லணும்னு இல்ல, யோசிச்சிச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டன் மேடம். சமரசம் வேணாம். போலீசுக்குப் போகணும். கவுன்சிலரையும் பாக்கறன்."

"சாட்சி?"

"வெளிய ரெண்டு பேர் இருக்காங்க."

வெளியே நடைக்கூடத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே டப்பாவில் எலுமிச்சை சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"உள்ள இங்கிலீசுல கேப்பாங்களா?" என்றாள் லூசி.

"தமிழ்லதாம்மா. நேத்து சாமியார் வூட்ல சொன்னியாமே, அதே மாரி சொல்லு. சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிக்க" என்றாள் தனக்கொடி.

லூசி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. குழுவின் விசாரணை இன்னும் முடியவில்லை. ஆன்டோ வகுப்புக்கு வருவதில்லை. சவரிநாதன் வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு காத்திருந்தார். செலின் ஏறிக்கொண்டாள். "கட்டு எப்பப் பிரிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறன்று வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை. செல்லப்பன் முந்தின நாளே சைக்கிளில் போய் அந்தப் பெண்ணிடமே நேரில் கேட்டுவிட்டு வந்தாராம். "எனக்குச் சம்மதந்தான் உபதேசியாரே, நீங்க ஏன் இப்படி வேர்க்குறீங்க?" என்று அவள் சிரித்ததை ஊரே சொல்லிச் சிரித்தது.

செலின் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓலையின் கடைசி வரி வந்தது. தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எப்போதும் அதோடு ஓலையை மடித்துவிடும் செல்லப்பன் அன்று மடிக்கவில்லை. தலையைத் தூக்கி, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாரும் குடையைத் தேடவில்லை.