புகையில்லா மண்டபம்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் கல்யாண மண்டபம் நடத்தும் மஹ்மூத் ஹாஜியார், கூரை முழுக்கச் சோலார் தகடு போட்ட நாளிலிருந்து வெயிலைக் கண்டால் பேரப்பிள்ளையைக் கண்டதுபோலச் சிரித்தார். மண்டபம் மூடிக் கிடக்கும் நாளெல்லாம் கூரையில் விளையும் மின்சாரம் ஊர் லைனுக்குப் போய்விடும். "மின்சார சபைக்கே நான் கரண்ட் விக்கிறன்" என்று பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொன்னார். அவருக்கு அலுக்கவில்லை, கேட்டவர்களுக்குத்தான் அலுத்தது.

தகடு பூட்டிய பவாஸ் அன்றைக்கே எச்சரித்திருந்தான்.

"ஹாஜியார், பெட்டரியும் சேத்துப் போடுங்க. லைன்ல கரண்ட் நிண்டா இதுவும் தானா நிண்டுரும். கம்பத்துல ஏறி வேல செய்றவனுக்கு அடிக்கப்படாதுன்டு அப்புடித்தான் செஞ்சீக்கி."

பெட்டரியின் விலை தகட்டின் விலையோடு போட்டி போட்டது. "இப்ப எங்க மகன் கரண்ட் நிக்கிது?" என்று ஹாஜியார் கையை வீசினார். அதோடு நின்றாரா? பழைய டீசல் ஜெனரேட்டரைப் பக்கத்துப் பேக்கரி ரஸீனின் தலையில் கட்டிவிட்டு, 'புகையில்லா மண்டபம்' என்று வாசலில் போர்டும் மாட்டினார்.

கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் அழகமுத்து, மகள் கிருஷாந்தியின் கல்யாணத்தை அங்கே வைத்தது அந்தப் போர்டைப் பார்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை. ஐயர் மந்திரத்தின் நடுவில் இருக்கும்போது மைக் செத்தது. ஏசி நின்றது, காற்றாடிகள் சோம்பலாகச் சுற்றி ஓய்ந்தன. நாடு முழுக்கவே கரண்ட் இல்லையாம் என்று யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள்.

அழகமுத்து பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மொதலாளி, வெளிய வெயிலு மண்டயப் பொளக்குது. உள்ள என்னாங்க இப்புடி?"

"வெயில் ஈக்கிது. ஆனா கரண்ட் எறங்காது. லைன்ல கரண்ட் வந்தாத்தான் இதும் வரும்."

"லைன்ல கரண்டு இருந்தா எனக்கு ஒங்க கூரை எதுக்குங்க?"

ஹாஜியார் பின்கதவால் பேக்கரிக்கு ஓடினார். அங்கே அவருடைய பழைய ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"நல்ல மிசின் ஹாஜியார், ஒரு கரச்சலும் இல்ல" என்றான் ரஸீன். "பாண் மாவு பெசஞ்சி முடியட்டும், தாறன்."

"முகூர்த்தம் போகுதுடா!"

"எனக்குப் பாணும் போகுதே."

கடைசியில் காற்றாடிக்கும் மைக்குக்கும் மட்டும் என்று பேசி, மதிலுக்கு மேலால் வயர் இழுத்தார்கள். மின்சாரத்தோடு புகையும் வந்தது. ஜன்னல் வழியாக நுழைந்து நேரே மணவறையைச் சூழ்ந்தது. கிருஷாந்தியின் கண்களிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர்.

"பொறந்த வீட்ட நெனச்சு புள்ள அழுவுது" என்று அத்தை புஷ்பம் விம்மினாள். அதைக் கேட்டு அழகமுத்துவும் தேம்பினார். மாப்பிள்ளை இருமிக்கொண்டே தாலி கட்டினார். பார்த்தவர்கள் எல்லாம், இப்படி மனசை உருக்கிய கல்யாணத்தைக் கண்டதில்லை என்றார்கள்.

மாலையில் கரண்ட் வந்ததும் ஹாஜியார் ரேடியோவைப் போட்டார். தொழிற்சாலைகள் மூடிய ஞாயிறு, மின்சாரத்தின் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்ததோ மிக அதிகம். அதனால் பெரிய மின்நிலையங்கள் பல ஒதுங்கி நின்ற வேளையில், எங்கோ ஏற்பட்ட ஒரு கோளாறை லைன் தாங்கவில்லையாம்.

மனைவி மஸீனா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். "அப்ப நம்மட கூரையும் சேந்துதான் அந்தப் புள்ளட கல்யாணத்தக் கெடுத்தீக்கி?"

ஹாஜியார் ரேடியோவை மூடினார்.

சித்திரை லீவு நாட்களில் மின்சார சபையிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது: பகலில் சோலாரைத் தயவுசெய்து நிறுத்தி வைக்கவும். துளி மேகமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சுவிட்சை அணைத்தார். பொழுது சாய்ந்ததும் நாடெல்லாம் விளக்கு எரிந்தது. அதற்கு எங்கோ எண்ணெய் எரிந்தது. அவருடைய தகடுகள் பனியில் நனைந்து கிடந்தன.

ஜெனரேட்டரைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். ரஸீன் மசியவில்லை. "விக்கிறல்ல ஹாஜியார். பாண் வேல இல்லாத நேரம் லைன் தாறன்."

இப்போது கல்யாணத்துக்கு நாள் பேச வருகிறவர்களை உட்காரவைத்துவிட்டு, ஹாஜியார் முதலில் ரஸீனுக்குத்தான் போன் எடுக்கிறார். போன கிழமை வந்தவர்களின் முகூர்த்தம் மாவு பிசையும் நேரத்தில் விழுந்தது. பெண் வீட்டார் ஐயரிடம் திரும்பிப் போய் வேறு நேரம் குறித்துக்கொண்டு வந்தார்கள்.