வேறொரு பூச்சி

அரை அரிசி அளவுகூட இல்லாத பூச்சி. புழுவாக இருக்கும்போது இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்னும். இறகிலிருக்கும் வெள்ளிப் பட்டையைப் பார்த்தால், எங்கும் பறக்கும் சாதாரண இனத்துக்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசமில்லை. ஆனாலும் இது தனி இனம் என்று அவன் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். நிரூபிப்பதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பூச்சி இனங்களின் பட்டியல் அச்சுக்குப் போகிற வாரம். பூச்சிக் காப்பகத்தின் தலைவர் அவளுடைய அண்ணன்தான். அவள் பிடித்த பூச்சி இருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுரங்கம் சுருண்டு போகுதுன்னு எழுதியிருக்கா. இலை தடிச்சிருந்தா எந்தப் புழுவும் சுத்தித்தான் போகும் மாப்ள. அது சாட்சியாகாது."

"வயித்தை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், மச்சான்."

இருவருக்கும் தெரிந்த வழிதான். ஆண் பூச்சியின் வயிற்றை ஒடித்து, காரக் கரைசலில் சூடாக்கி, நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ள இருக்கும் கொக்கியைப் பார்க்க வேண்டும். சாதாரண இனத்துக்கு அதில் ஒரே முள். ஆனால் கைவசம் இருந்தது ஒரே ஆண். அவள் ஊசி குத்தி நிறுத்திய கடைசிப் பூச்சி.

"உடைக்காதே. தனி இனமா இருக்கலாம்னு ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுடறேன். யாரு வந்து கேக்கப்போறா? அவ ஞாபகமா இருந்துட்டுப் போகட்டும்."

"ஞாபகத்துக்கு வீட்ல அவ சீப்பு இருக்கு. இது பூச்சி."

"கல்நெஞ்சு மாப்ள உனக்கு."

"இருக்கட்டும். இரக்கப்பட்டு இடம் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா, உங்க தங்கச்சி உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"ஒரே முள்ளா இருந்தா?"

"அவ எழுதினதை நானே அடிச்சுடறேன்."

அண்ணன் பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்தார். அவன் அந்தக் கையை எடுத்து மேசைமேல் வைத்தான். மரியாதையாகத்தான். இடுக்கியால் வயிற்றை மேல்நோக்கி நெம்பினான். சத்தமே இல்லாமல் ஒடிந்தது.

அதைக் கரைசலில் போட்டுச் சூடாக்கினான். ஒட்டியிருந்த செதில்களைத் தூரிகையால் தள்ளி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் குனிந்தான். கொக்கி துலங்கியது. ஒரு முள். அதற்குப் பின்னால் இன்னொரு கோடு. மயிராக இருக்கலாம். ஊசிமுனையால் தொட்டான். மயிரானால் வளையும். இது வளையவில்லை.

எழுந்து நாற்காலியை அண்ணனுக்கு விட்டான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு," என்றார். மூக்கை உறிஞ்சினார். "பிடிவாதக் கழுதை."

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம், மச்சான். நகருங்க, நான் படம் வரையணும்."