கருப்பனுக்கு நேர்ந்த கிடாவும் பஞ்சுப் பேல் கேஸும்

சோலைச்சாமியின் வலது காலை ஒடித்தது பஞ்சு.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஒரு கார்த்திகை மாதம். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் சோழபுரம் விலக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கட்டியிருந்த கயிறு தெறித்தது. உச்சியில் இருந்த பஞ்சுப் பேல் ஒன்று, எந்த அவசரமும் இல்லாமல் உருண்டு வந்து அவர் கால்மேல் உட்கார்ந்தது. பேல் என்றால் பஞ்சை மிஷினில் போட்டு இறுக்கி, இரும்புப் பட்டை கட்டிய மூட்டை. நாலு ஆள் மூச்சுப் பிடித்தால் ஒரு அடி நகரும். ராஜபாளையத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். லாரியை இன்சூர் செய்திருந்த கம்பெனிக்குத்தான் தெரியவில்லை.

"பஞ்சு விழுந்து கால் ஒடியுமா, கனம் கோர்ட்டார் அவர்களே?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல் சேதுபதி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எழுந்து நின்று.

கோர்ட்டே சிரித்தது. சோலைச்சாமியும் சிரித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத்தான் கம்பெனிக்குப் பதிமூன்று வருஷம் ஆனது.

கால் ஒடிந்த வாரமே அவர் மனைவி இருளம்மாள் சாமிக்கு வேண்டிக்கொண்டாள். "கருப்பா, இவருக்குக் கால் கூடி, கேசும் நல்லபடியா முடிஞ்சா ஒனக்கு ஒரு கிடா வெட்டுதேன்." வேண்டியதோடு நிற்காமல் மம்சாபுரத்திலிருந்து கறுப்பாக ஒரு குட்டி வாங்கிவந்து, காதில் வெட்டு அடையாளம் வைத்து, நேர்ந்து விட்டுவிட்டாள். நேர்ந்துவிட்ட கிடா சாமியின் சொத்து. கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. அது யார் வீட்டு முருங்கைக் கீரையைத் தின்றாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறு மாசத்தில் கால் கூடிவிட்டது. கேஸ் கூடவில்லை.

முதல் வாய்தாவுக்கு சோலைச்சாமி கக்கத்தில் கட்டையோடு கிளம்பியபோது குட்டியும் பின்னாலேயே வந்தது. விரட்டமுடியாது, சாமியின் குட்டி. பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் பார்த்தார். "மூணு வயசுக்குள்ள டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நேர்மையான மனுஷர். மூன்று வயது முடிந்த மறுநாள் அதே கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். சந்தேகம் உள்ளவர்கள் அவரிடமே கேட்டிருக்கலாம், பாவம், காலமாகிவிட்டார்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் கூரை ஓரத்தில் ஒரு தண்ணீர் டிரம். டிரம்மில் ஒரு ஓட்டை. "நாளைக்கு அடைச்சிரணும்" என்று கடைக்காரர் குருசாமி தினமும் சொல்வார். அதற்குக் கீழேதான் நல்ல நிழல். குட்டி முதல் நாள் அங்கே போய் நின்றது. முதுகில் ஒரு சொட்டு விழுந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடியது. தெருவில் வெயில். திரும்பி வந்தது. சோலைச்சாமியின் பெயரைக் கூப்பிடும்வரை அங்கேயே படுத்துக்கிடந்தது.

கம்பெனி சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். கால் ஒடிந்ததற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். கொடுத்ததும், கால் கூடிவிட்டதே, அப்புறம் ஒடிந்திருந்தது எப்படி என்று கேட்டார்கள். எக்ஸ்ரே மதுரைக்குப் போனது. மதுரையிலிருந்து மெட்ராசுக்குப் போனது. திரும்பி வரும்போது யாரோ ஒருவரின் கை எக்ஸ்ரேயாக வந்தது. சேதுபதி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் ஒரு எலும்பும் ஒடியவில்லை" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை.

முதல் நாலைந்து வருஷம் சோலைச்சாமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் வருவார். ஒருநாள் சாயங்காலம் அப்படித் திட்டிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். கிடா வந்து அவர் ஒடிந்த கால்மேல் தலையை வைத்துப் படுத்தது. இருளம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, சட்டுபுட்டுன்னு கேசை முடிக்கச் சொல்லுங்க. இப்பமே அம்புட்டுக் கறி இருக்கு. இன்னும் வச்சிருந்தா முத்திப்போகும்."

சோலைச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் முடிந்தால் கிடா முடிந்தது என்பது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை. கால்மேல் கிடந்த அந்தத் தலையை அவர் வெகுநேரம் நகர்த்தாமல் இருந்தார்.

அடுத்த வாய்தாவில் ஆள் மாறிவிட்டார்.

"வக்கீலய்யா, அவியளுக்கு அவசரம் இல்லேன்னா எனக்கும் அவசரம் இல்ல" என்றார் தன் வக்கீல் வைகுண்டராஜிடம்.

"யோவ், நஷ்டஈடு வேணுமா வேண்டாமா?"

"வேணும். மெல்ல வரட்டும்."

அதோடு விட்டாரா? கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு நேரே எதிர்க்கட்சி வக்கீலிடம் போனார். "சார், மெட்ராசுல இன்னொரு பெரிய டாக்டர் இருக்காராம்லா? அவரையும் ஒருக்கா கேட்டுப் பாத்துருங்க. அவசரமே இல்ல."

சேதுபதிக்குப் பால்கோவா இறங்கியது, பேச்சு இறங்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில், வாய்தா என்றதும் சிரித்துக்கொண்டு போகிற வாதியை அவர் பார்த்ததே இல்லை. மனுதாரர் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார், இதில் ஏதோ சூது இருக்கிறது, தீர விசாரிக்க வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி விசாரித்தது. அதில் மூன்று வருஷம் போனது. சோலைச்சாமி இன்னும் சந்தோஷப்பட்டார். சேதுபதிக்குச் சந்தேகம் முற்றியது. மறுபடி எழுதினார்.

இப்படியே போயிருக்கும். தொண்ணூற்றாறில் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். சொந்த ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கத்துத் தளவாய்புரம். மக்கள் நீதிமன்றம் நடக்கிறது, பழைய கேஸையெல்லாம் பேசி முடித்துவிடலாம் என்று ஃபைலோடு நேரே வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் படித்தார்.

"பேல் விழுந்திருக்கு. கால் என்ன, லாரியே ஒடியும். கொடுத்துருவோம் சார்."

ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நீதிபதி சோலைச்சாமியைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

சோலைச்சாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். டிரம்முக்குக் கீழே கிடா கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. "ஐயா... இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. இன்னும் ஒரே ஒரு வாய்தா..."

பின்னாலிருந்து இருளம்மாள் எழுந்துவிட்டாள். "சம்மதங்கய்யா! அவருக்குச் சந்தோசத்துல நாக்கு குழறுது!"

திரும்பும்போது கிடாவுக்குப் பன்னிரண்டு தாண்டியிருந்ததால் முழு டிக்கெட். சோலைச்சாமி ஜன்னலோர சீட்டை அதற்கே கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்மாய்க்கரை கருப்பசாமி கோயிலில் சொந்தபந்தம் மொத்தமும் கூடிவிட்டது. மசாலா அரைத்தாயிற்று, அண்டா அடுப்பில் ஏறியாயிற்று. வாய்தா என்றதும் சிரித்த வாதியின் மர்மத்தைத் தெரிந்துகொள்ள சேதுபதியும் வந்திருந்தார். கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி மொக்கைச்சாமி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கையில் எடுத்தார். தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு. உதறாத கிடாவை அந்தப் பக்கத்தில் யாரும் வெட்டமாட்டார்கள்.

சோலைச்சாமி தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அரிவாளைப் பார்க்கத் தெம்பில்லை.

தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. குலவை கேட்கவில்லை.

இன்னொரு குடம். அப்போதும் சத்தமில்லை.

"என்னலே, மரம் மாதிரி நிக்குது?" என்றது யாரோ ஒரு மாமன்.

"காதுல ஊதிப் பாப்பமா?" என்றார் இன்னொரு சித்தப்பன்.

"எவனும் கிட்ட வரப்படாது!" என்று அதட்டினார் மொக்கைச்சாமி. "இது சாமி சோலி."

சோலைச்சாமி மெல்லத் திரும்பிப் பார்த்தார். காது வழியாகவும் தாடி வழியாகவும் மஞ்சள் தண்ணீர் சொட்ட, கிடா கண்ணைச் செருகிக்கொண்டு நின்றது. வாய் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். குருசாமி டீக்கடை டிரம் ஞாபகம் வந்தது. அத்தனை வருஷ வாய்தாவும் அந்த முதுகில் சொட்டுச் சொட்டாக விழுந்தது ஞாபகம் வந்தது. பொங்கி வந்த சிரிப்பைத் துண்டால் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"பூசாரி, இன்னொரு குடம் ஊத்துங்க! சாமி காரியத்துல குறை வைக்கக்கூடாது. ஏலே, கண்மாய்ல தண்ணி இல்லையா? கொண்டாங்கலே!"

ஊற்றினார்கள். கண்மாய் ஒரு விரற்கடை இறங்கும்வரை ஊற்றினார்கள். கடைசிக் குடத்தில் கிடா குறட்டை விட்டது.

மொக்கைச்சாமி குடத்தைக் கவிழ்த்துவைத்தார். "கருப்பன் உத்தரவு கொடுக்கல. அடுத்த வருசம் பாப்போம்."

பழக்கதோஷம், சேதுபதி வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "அப்ப வாய்தா!"

கரையே அதிர்ந்தது சிரிப்பில். கறி போச்சே என்று முறைத்த மாமனும் சிரித்தார். இருளம்மாள் சிரிக்கவில்லை. கிடாவின் பக்கத்தில் போய் நின்று, முந்தானையால் அதன் தலையை அழுத்தித் துவட்டினாள். "இம்புட்டுத் தண்ணியவா ஊத்துவாக? சளி பிடிச்சிரப் போகுது" என்று பூசாரியைக் கடிந்துகொண்டாள். அரைத்த மசாலாவை உருளைக்கிழங்கில் போட்டுக் கிளறினார்கள். கிடாவுக்கும் ஒரு இலை விழுந்தது.

கேஸ் முடிந்த பிறகும் சோலைச்சாமி மாசம் ஒருதரம் கிடாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருதரம் போனபோது குருசாமி ஏணி போட்டு ஏறி, கையில் தாரோடு டிரம்மைத் தடவிக்கொண்டிருந்தார். சோலைச்சாமி கூடின காலோடு ஓடிப்போய் ஏணியைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, இறங்குங்க. ஒரு டீ போடுங்க. அந்த ஓட்டைக்கு இப்ப என்ன அவசரம்?"